எமது பிரதேசத்துக்குப் பொருந்தாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் யாரும் சாகவில்லை. என் அண்ணை எங்கள் ஊர் சுருவிலில் உயிரோடு இருக்கிறார். இன்று காலையும் என் சொதியில் உப்பில்லை என்று குறை சொன்னார். அழுவதற்கென்று லேஞ்சியோடு வந்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம்.

நான் ஊர்காவற்றுறையில் ஓர் அரச கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறாய் என்று கேட்காதீர்கள், அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. படிவம் வந்தால் நிரப்புவேன். கூட்டம் வைத்தால் தேநீருக்கும் றோல்ஸுக்கும் சொல்லிவிடுவேன். ஒரு நாள் எங்கள் கந்தோரின் தலைமை ஐயா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். இடமாற்றம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இடமாற்றம் இல்லை. தீவுப் பகுதியில் தற்கொலையைத் தடுப்பதற்கும் மனமுடைந்தவர்களுக்குத் துணை நிற்பதற்கும் துறைசார்ந்தவர்கள் எழுதிய கையேடு ஒன்றைத் தெரிவுசெய்து அச்சடிக்க வேண்டுமாம். மீனவர் சங்கங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பதற்கு. மூன்று கையேடுகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்வதற்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். இவ்வளவையும் ஐயா தற்கொலை என்ற சொல்லைச் சொல்லாமலே சொல்லி முடித்தார். அவருடைய வாயில் அது 'அந்த விசயம்'. கோவையின் வெளிமட்டையிலும் அப்படியே எழுதச் சொன்னார். அலுமாரியில் அந்தக் கோவையைப் பார்த்த எழுதுவினைஞர் ஒருவர், அது ஏதோ பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்து மூன்று மாதம் தொடாமல் இருந்தார்.

"ஏன் ஐயா என்னைப் போடுறியள்?" என்று கேட்டேன்.

"நீர்தான் பொருத்தம். நீர் எப்பவும் பகிடி விட்டுக்கொண்டிருக்கிற ஆள். உமக்கு இது தொத்தாது."

தொற்றுநோய்ப் பிரிவுக்கு ஆள் எடுப்பது போல என்னை எடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் கையேடு தலையணைப் பருமன். மினுமினுத்த அட்டை, அதில் இரண்டு கைகள், கைகளுக்கு நடுவில் ஒரு சூரியன். திறந்தால் ஆசிச்செய்தி, வாழ்த்துரை, அணிந்துரை, எல்லாவற்றுக்கும் படம். படங்களைக் கடந்து உள்ளே போவதற்குள் நல்ல மனநிலையில் உள்ளவனே சோர்ந்துவிடுவான். அதன் தமிழ், அப்பப்பா. 'உயிர்மாய்ப்புச் சிந்தனைசார் இடர்மதிப்பீட்டு வினவல்' என்று ஓர் அத்தியாயம். அதை ஒரு மீனவனிடம் வாசித்துக் காட்டினால், தன் படகைப் பறிமுதல் செய்ய வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பான். ஐயாவுக்கு இதுதான் பிடித்திருந்தது. கையில் வைத்தால் வேலை நடந்த மாதிரி இருக்கிறது என்றார்.

இரண்டாவது, படம் போட்ட அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, கீழே ஓர் அறிவுரை. வாழ்க்கை பெறுமதியானது. கோழையாகாதே. உன் பெற்றோரை நினைத்துப்பார். நொந்துபோய் இருக்கிறவனைக் கூப்பிட்டு வைத்துக் கோழை என்று பேசுவதற்கு அட்டை எதற்கு, அதற்குத்தான் சொந்தக்காரர் இருக்கிறோமே. குறிப்புப் பகுதியில் இதை நாகரிகமாக எழுத முடியாமல் 'திருப்தியில்லை' என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்து, ஓரத்தில் இரண்டு கம்பி அடித்த பதினாறு பக்கம். ஆசிச்செய்தி இல்லை, சூரியன் இல்லை. உளநலப் பகுதியில் வேலைசெய்யும் ஒரு பெண்பிள்ளை கொண்டுவந்து தந்தாள். குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். பெருநிலப் பக்கத்துப் பிள்ளை, மெலிந்த தேகம், கூட்டத்தில் றோல்ஸ்கூடச் சாப்பிடமாட்டாள். இவள் என்னத்தைத் தடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

நான் மதிப்பீட்டுப் படிவம் தயாரித்திருந்தேன். உள்ளடக்கம், மொழிநடை, தோற்றம், பிரதேசப் பொருத்தம், பரீட்சித்த இடம் என்று கட்டங்கள். மூன்றாவது கையேட்டில் கவனிக்கவேண்டிய அறிகுறிகள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரு வரி: தாம் விரும்பி வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுதல். அதைப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் எழுதினேன்: 'எமது பிரதேசத்துக்குப் பொருந்தாது. இங்கு எல்லோரும் கொடுப்பார்கள்.'

எழுதிவிட்டுத் தேநீர் குடித்தேன். ஏனென்றால் அது உண்மை. எங்கள் கரையில் ஒரு படகு வந்து சேர்ந்தால், அதை இழுப்பதற்குக் கைவைத்த எவனுக்கும் கறிக்கு மீன் உண்டு. கைவைக்காமல் சும்மா நின்று பார்த்தவனுக்கும் உண்டு. நானே சனிக்கிழமைகளில் பையோடு போய்ச் சும்மா நின்றிருக்கிறேன். கொடுக்கிறவனை எல்லாம் பிடித்து வைத்தியரிடம் காட்டுவதென்றால் மூன்று தீவுக்கும் கட்டில் காணாது.

இந்த இடத்தில் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு ஒரே ஓர் அண்ணை. கடற்றொழில் தவிர வேறொன்றும் தெரியாத மனுசன். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நடப்பார், கதைப்பார், கோப்பையைப் பிடிப்பார். வலையை இழுக்கமட்டும் ஏலாது. கடல் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வீட்டில் அவரும் அவருடைய மனைவி, என் மச்சாளும்; அதே ஒழுங்கையில் என் வீடு. வேலிக்கரையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் தொழிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் எல்லோரும், பரவாயில்லை, மனுசனுக்கு இனியாவது ஓய்வு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டோம்.

கொஞ்ச நாளாக அவர் சாமான்களைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். வலைகள், மழைக்கோட்டு, துடுப்பு, ஐஸ் பெட்டி. வலை பின்னும் ஊசிகளை ஒரு கட்டாகக் கட்டி ஒருவருக்கு. சுவரில் தொங்கிய மணிக்கூடு கோயில் மண்டபத்துக்குப் போனது. பாதர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார்: தன்னிடம் உள்ளதைப் பகிர்ந்தளிக்கும் மனிதர் நம் மத்தியில் இருக்கிறார். முன்வரிசையில் இருந்த நான் திரும்பி, பின்வரிசையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பார்வை பார்த்தேன். எனக்குக் கிடைத்தது அவருடைய றேடியோ. கடலில் அவரோடு போய்வந்த சின்ன றேடியோ. அதைக் கந்தோருக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன். மேலே சொன்ன வரியைப் பென்சிலால் வெட்டியபோது அது பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது எனக்கு என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

குழு கூடியது. ஐயா என் குறிப்புகளை உரத்து வாசித்தார். 'இங்கு எல்லோரும் கொடுப்பார்கள்' என்ற இடத்தில் நிறுத்தி, கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

"சரியாச் சொன்னீர். இது கொழும்பிலை இருந்து எழுதினதாக்கும். எங்கடை சனத்தைத் தெரியாது."

"இது நாங்கள் எழுதினது ஐயா," என்றாள் அந்தப் பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒரு சந்தேகம். மீன் குடுக்கிறவை வலையையும் குடுப்பினமோ?"

பகிடியாகப் பதில் சொல்ல வாய் திறந்தேன். என் வாய் எப்போதும் மூளைக்கு முந்திப் போகும் வாய். அன்றைக்குத் திறந்தது திறந்தபடி நின்றது. மீனவன் மீனைக் கொடுப்பான். நாளைக்கும் பிடிக்கலாம் என்பதால் கொடுப்பான். வலையை எவனும் கொடுக்கமாட்டான். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு நாளைக்கு இரவல் கேட்டாலே உறவு முறியும். என் அண்ணை நான்கு வலை கொடுத்திருந்தார்.

"ஐயா, எனக்கு ஒரு அவசரம்," என்று எழும்பினேன். என்ன அவசரம் என்று ஐயா கேட்டார். அந்த விசயம் என்றேன். றோல்ஸ் பாதியில் கிடந்தது. மூன்றாவது கையேட்டைச் சுருட்டிக் கைப்பையில் செருகிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நாரந்தனைச் சந்தியில் யாரோ கைகாட்டினார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது.

அண்ணை கதிரையில்தான் இருந்தார். மச்சாள் குசினியில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தா. எல்லாம் நேற்றுப்போலவே இருந்தது. இவ்வளவு தூரம் பதறி வந்ததற்கு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"என்ன, கந்தோர் நேரத்திலை வந்து நிக்கிறாய்? வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை அண்ணை. சும்மா வந்தனான்."

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விசயம் தடித்த எழுத்தில் இருந்தது. நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்லமுடியாமல் இருப்பவருக்குக் கதவு திறக்கும். எழுதியவர்களுக்கு என்ன, எழுதிவிட்டார்கள். நான் முதலில் வெயிலைப் பற்றிக் கதைத்தேன். பிறகு விளைமீனைப் பற்றி. பிறகு பஸ்சின் புதிய கொண்டக்டரைப் பற்றி. ஊரில் எவருடைய வீட்டுச் சங்கதியையும் மூஞ்சிக்கு நேரே கேட்கிறவள் நான். எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் பிள்ளையில்லை, மருமகள் ஏன் கதைக்கிறதில்லை என்றெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டிருக்கிறேன். கேட்கவேண்டிய ஒரு கேள்விக்கு வாய் வரவில்லை.

அண்ணைக்கே அலுத்துவிட்டது. "நீ ஏதோ சொல்ல வந்தனி. சொல்லிப்போட்டுப் போ."

"அண்ணை, சாகவேணும் எண்டு யோசிக்கிறியளோ?"

குசினியில் சட்டுவச் சத்தம் நின்றது. அண்ணை என்னைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது, இனி இந்தப் படலையால் என்னை உள்ளே விடமாட்டார் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தரும் கேக்கேல்லை. சாமானை வாங்கிக்கொண்டு, நல்ல மனுசன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. பாதரும் பூசையிலை சொன்னவர். நீ றேடியோவை வாங்கேக்கை, பற்றறி போட்டுத் தாங்கோ எண்டு கேட்டனி."

கேட்டேன். அவரும் இடது கையால் பற்றறியைப் போட்டுத்தான் தந்தார்.

என்னிடம் அறிவுரைகள் நிறைய இருந்தன. பிள்ளைகளை நினையுங்கோ, மச்சாளை நினையுங்கோ, கை ஒன்று போனால் என்ன. இரண்டாவது கையேட்டின் அட்டைகள் எல்லாம் வரிசையாக என் வாய்க்குள் வந்து நின்றன. ஒன்பதாம் பக்கம் சொன்னது: அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். என் வாழ்நாளில் நான் செய்த கடினமான அரச கடமை அதுதான். வாயை மூடிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன். மச்சாளும் வந்து பக்கத்தில் இருந்தா. அண்ணை கதைத்தார். விடியவே விழிப்பு வந்து, எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் படுத்திருப்பதைச் சொன்னார். குளிப்பதற்கு மச்சாளைக் கூப்பிடவேண்டியிருப்பதைச் சொன்னார். படகுகள் போகும்போது, எதற்கு நான் இன்னும் என்று தோன்றுவதைச் சொன்னார். நான் அழுதேன். கையேட்டில் அழக்கூடாது என்று எங்கும் போடவில்லை.

பிறகு அந்தப் பிள்ளைக்கு அழைப்பு எடுத்தேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தாள். என்னைச் சமாதானப்படுத்தவில்லை, கேள்விகளைத்தான் கேட்டாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. அண்ணையோடும் கதைத்தாள். ஆளைத் தனியே விடவேண்டாம் என்றாள். வீட்டில் எதை எதைக் கைக்கெட்டாமல் வைக்கவேண்டும் என்று சொன்னாள், வைத்தோம். அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொன்னாள். கூட்டிப்போனோம். பஸ்சில் கேட்டவர்களுக்கெல்லாம் கண் காட்டப் போகிறோம் என்று நான் சொன்ன பொய், பிறகு ஒரு மாதம் எங்களைத் துரத்தியது. சத்திரசிகிச்சை எப்படி என்று தோடம்பழத்தோடு ஆட்கள் வந்தார்கள். அண்ணை தோடம்பழத்தை வாங்கிக்கொண்டு, தெளிவாகத் தெரியுது என்றார்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். என் பென்சில் குறிப்பை அழித்துவிட்டு, 'மிகவும் பொருந்தும்' என்று பேனாவால் எழுதியிருந்தேன். பரீட்சித்த இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று போட்டிருந்தேன்.

"வீட்டிலையோ?" என்றார் ஐயா.

"ஓம் ஐயா. தற்கொலை எண்ட சொல்லையும் சொல்லிப் பாத்தனான். வாய் வேகேல்லை."

அவர் படிவத்தை மறுபடியும் வாசித்தார். பிறகு மூன்றாவதையே அடிப்போம் என்றார். ஆனால் ஓர் ஆசிச்செய்தியாவது போடவேண்டும் என்றார். போடுங்கோ ஐயா, கடைசிப் பக்கத்திலை, என்றாள் அந்தப் பிள்ளை. அன்றைக்கு அவள் ஒரு றோல்ஸ் சாப்பிட்டாள்.

இத்தோடு நான் அடங்கியிருக்கவேண்டும். கிளினிக் நடந்தது, மாத்திரை நடந்தது, அந்தப் பிள்ளை கிழமைக்கு ஒரு தடவை வந்து கதைத்தாள். அண்ணை சாப்பிட்டார், தூங்கினார், ஆனால் முகம் விடியவில்லை. மாத்திரைக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கோ அக்கா என்றாள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை. வீடு வெறிச்சென்று கிடப்பதுதான் பிரச்சினை, கொடுத்த சாமான்களையெல்லாம் திருப்பி எடுத்து வந்தால் ஆள் திரும்புவார் என்று எனக்குள் ஒரு முடிவு. அது கையேட்டில் இல்லை அக்கா என்று அவள் சொன்னாள். நான் ஏற்கெனவே ஸ்கூட்டியில் ஏறிவிட்டேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம். ஏன் என்று சொல்லவும் முடியாது, அது அண்ணை சொல்லவேண்டிய விசயம், நான் ஊருக்குச் சொல்லக்கூடியதல்ல. ஆகவே வீடு வீடாகப் போய், "அண்ணையின்ரை சாமானைத் தாங்கோ" என்று மொட்டையாகக் கேட்டேன். தந்தார்கள். தந்துவிட்டு, தங்கச்சிக்காரி தனக்கென்று சேர்க்கிறாள் என்று கதைத்தார்கள். என் காதில் விழவேண்டும் என்றே கதைத்தார்கள். எரிந்தது, பொறுத்துக்கொண்டேன். பாதரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நேர்த்திக்கடனாகக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா என்று அவர் இழுத்தபோது, "நேர்த்தி இல்லை பாதர், அது வருத்தத்தின்ரை அறிகுறி," என்றேன். பிரசங்கத்தில் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். முகம் கறுத்துப்போனார். தானே கதிரையில் ஏறி மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார்.

கடைசியாக ஐஸ் பெட்டி. அதை வாங்கியவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர், தனியாகத் தொழிலுக்குப் போகிறவர், என் குரலைக் கேட்டாலே நடுங்குகிறவர். கேட்டதும் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு பெரிய நீலப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து, கண்ணைப் பார்க்காமல் தந்தார். ஸ்கூட்டியில் வைத்தேன். கடற்காற்று அதைப் பிடித்துத் தள்ள, நானும் பெட்டியுமாக ஒழுங்கை முழுவதும் இரண்டு வேலிக்கும் ஆடியாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பின்னேரம். முற்றத்தில் எல்லாவற்றையும், என் மேசையில் இருந்த றேடியோவையும், பரப்பி வைத்தேன். அண்ணை கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகிழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், வலைகளைப் பார்த்தார். நான் செய்தது மடைத்தனம், சாமானால் ஆள் திரும்பாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. அவர் பார்வை நீலப் பெட்டிக்கு வந்து நின்றது. எழும்பினார். கிட்டே வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது ஆற்றை?"

"உங்கடைதான் அண்ணை."

"விசரி. என்ரை பெட்டி வெள்ளை. மூடி உடைஞ்சு கயிறு போட்டுக் கட்டினது. இது அந்த மனுசன்ரை சொந்தப் பெட்டி. என்ரை பெட்டி உடைஞ்சுபோயிருக்கும், சொல்ல வெக்கப்பட்டுத் தன்ரையைத் தந்திட்டான். நீ போய் நிண்டு கத்தியிருப்பாய்."

"கத்தேல்லை. கேட்டனான்."

"நீ கேக்கிறதும் கத்துறதும் ஒண்டுதான்." அவருக்கு உண்மையிலேயே கோபம். ஒரு வருடத்தில் முதல் தடவையாக முகத்தில் இரத்தம் ஓடியது. "இப்ப அவன் ஐசை எதுக்குள்ளை போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போறது? பிடிக்கிற மீன் எல்லாம் பழுதாப்போகுமே. வாயில்லாத மனுசன், வந்து கேக்கவும் மாட்டான்."

"இப்ப கொண்டுபோய்க் குடுக்கட்டே?"

"வேண்டாம். நீ திரும்பிப் போனால் அவன் வீட்டையும் எழுதித் தந்திடுவான். நான் குடுக்கிறன். விடியப்புறம் நாலு மணிக்குத்தான் கரைக்கு வருவான்." வலது கையை இடது கையால் தூக்கிப் பெட்டியின் பிடியில் வைத்துப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. மறுபடியும் வைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, கடலுக்குப் போன காலத்தில் கூப்பிடுகிற அதே குரலில் மச்சாளைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், நாளைக்கு என்னை மூண்டரைக்கு எழுப்பிவிடும்."